சிப்பியைத் திறக்கும் முன்பே விலை சொல்கிறவர்கள்

(நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். திட்டுவதாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.)

நவம்பர் 14. பீகார் சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். சாயங்காலம் பீச் ரோட்டில் வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த ஒருவன், இப்போது துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறான், செல்போனை நீட்டிக்கொண்டே வந்தான்.

"சார், பாத்தியளா? பிரசாந்த் கிஷோருக்கு முட்டை! 238 தொகுதியில நிறுத்தி ஒண்ணுகூட இல்ல. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துட்டு சார்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் அதே பிரசாந்த் கிஷோர் டிவி டிவியாக உட்கார்ந்து, பாரதிய ஜனதாவுக்கு முந்தைய தேர்தலில் கிடைத்த 303-க்குக் குறையாது என்று சொன்னபோது, அந்த வீடியோக்களை வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். "விவரம் தெரிந்த ஆள் சொல்கிறார்" என்று குறிப்பு வேறு எழுதினேன். வந்தது 240. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளிடம் "விடை மட்டும் போதாது, வழிமுறையைக் காட்டு" என்று பிரம்பைத் தூக்கியவன், வழிமுறையே கேட்காமல் ஒருவர் சொன்ன விடையை ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

அதனால் இந்தப் பதிவு பிரசாந்த் கிஷோர் மேல் மட்டும் வைக்கிற குற்றச்சாட்டு இல்லை. என் மேலும், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற உங்கள் மேலும், நம் கட்சிகள் மேலும் வைக்கிற குற்றச்சாட்டு.

முதலில் அந்த மனிதருக்கு நியாயம் செய்துவிடுவோம். சாதாரண ஆள் இல்லை. பீகாரின் ரோத்தாஸ் மாவட்டத்துக்காரர். ஐ.நா. சார்ந்த பொதுச் சுகாதாரப் பணியில் இருந்தவர். வேகமாக வளர்கிற மாநிலங்களில் குழந்தைகள் ஏன் இன்னும் சத்துக்குறைவோடு இருக்கிறார்கள் என்று எழுதப்போய்த்தான் குஜராத் முதலமைச்சராக இருந்த மோடியின் கவனத்துக்கு வந்தார் என்பார்கள். 2014-ல் 'டீயோடு ஒரு உரையாடல்', ஒரே நேரத்தில் பல ஊர்களில் தோன்றும் முப்பரிமாணப் பிம்பம் எல்லாம் அவர் குழுவின் கைவேலை. 2015-ல் அதே மோடிக்கு எதிராக நிதிஷ்குமாருக்கு வேலை செய்தார், நிதிஷ் கூட்டணி 243-ல் 178 பிடித்தது. 2017-ல் பஞ்சாபில் காங்கிரசுக்கு, 2019-ல் ஆந்திராவில் ஜெகன்மோகன் ரெட்டிக்கு, 2020-ல் டெல்லியில் கேஜ்ரிவாலுக்கு, 2021-ல் மேற்கு வங்கத்தில் மம்தாவுக்கு, இங்கே ஸ்டாலினுக்கு.

இடையில் 2018-ல் நிதிஷ் கட்சியின் துணைத் தலைவரும் ஆனார். குடியுரிமைத் திருத்தச் சட்ட விஷயத்தில் தலைமையோடு மோதினார். 2020 ஜனவரி 29-ல் கட்சியை விட்டு நீக்கினார்கள். நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 2-ல், அவருடைய ஐபேக் நிறுவனம் தங்களோடு இணைந்து பணியாற்றப் போவதாக ஸ்டாலின் அறிவித்தார். தலைவரை எதிர்த்துப் பேசிப் பதவியை இழக்கிற தைரியம் எத்தனை பேருக்கு உண்டு? அதை நான் மறுக்கவில்லை.

சரி, இந்த மார்க் பட்டியலை ஒரு வாத்தியார் எப்படிப் பார்ப்பான்?

நம்ம ஊரில் டியூஷன் சென்டர்கள் உண்டு. ரிசல்ட் வந்த மறுநாள் பிளெக்ஸ் வைப்பார்கள். சென்டம் எடுத்த பிள்ளைகள் போட்டோ வரிசையாக இருக்கும். விசாரித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே தொண்ணூற்றெட்டு வாங்குகிற பிள்ளையாக இருக்கும். கடைசி மூன்று மாசம் டியூஷனுக்குப் போயிருக்கும். மார்க் பிள்ளையோடது, பிளெக்ஸ் சென்டருடையது.

தி.மு.க. கூட்டணி 2019 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் 39-ல் 38 தொகுதிகளை வென்றது. தேனி ஒன்றுதான் போனது. அப்போது ஐபேக் இங்கே வரவில்லை. வந்தது 2020-ல். பத்து வருஷம் ஆட்சியில் இல்லாத கட்சி, எதிரே ஜெயலலிதா இல்லாத அ.தி.மு.க. 2021-ல் தி.மு.க. 133, கூட்டணியாக 159 இடம் பிடித்தது. இதில் பாட்டு எவ்வளவு, பிளெக்ஸ் எவ்வளவு, ஊர் ஊராக அலைந்த கட்சிக்காரன் எவ்வளவு, மக்களின் வெறுப்பு எவ்வளவு என்று யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா? கணக்கில் ஒரு சமன்பாட்டில் நான்கு மாறிகள் இருந்தால் ஒன்றின் மதிப்பைத் தனியாகச் சொல்ல முடியாது. டிவியில் மட்டும் முடிகிறது.

இன்னொன்று. 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரசுக்கு இதே மனிதர்தான் வியூகம். 403-ல் 7 இடம். அந்தப் பிள்ளையின் போட்டோ எந்தப் பிளெக்ஸிலும் வரவில்லை.

மேற்கு வங்கத்தை மட்டும் நான் தனியாக வைக்கிறேன். 2020 டிசம்பரிலேயே பா.ஜ.க. அங்கே இரட்டை இலக்கத்தைத் தாண்டத் திணறும், தாண்டினால் இந்தத் தொழிலை விடுகிறேன் என்று பகிரங்கமாக எழுதினார். பா.ஜ.க. 77-ல் நின்றது. சொன்னது பலித்த அன்றே, 2021 மே 2-ல், டிவியில் உட்கார்ந்து தொழிலை விடுவதாகவும் சொன்னார். அங்கே தெரிந்தது திறமைதான்.

அதற்குப் பிறகுதான் அவர் முழுநேரக் கருத்தாளர் ஆனார். தொல்லை ஆரம்பிப்பதும் அங்கேதான். 2022 ஏப்ரலில் காங்கிரசில் சேரப் பேசிப் பார்த்தார், அவர்கள் கொடுத்த இடம் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றார். மே மாதம், குஜராத்திலும் இமாச்சலத்திலும் காங்கிரசுக்குப் படுதோல்வி காத்திருக்கிறது என்று எழுதினார். டிசம்பரில் இமாச்சலத்தில் காங்கிரஸ் 68-ல் 40 வென்று ஆட்சி அமைத்தது. 2024 மே மாதம் ஒரு பேட்டியில் கரண் தாப்பர் இதை நினைவூட்டியபோது கோபப்பட்டு, வீடியோ ஆதாரம் இருக்கிறதா என்று மல்லுக்கு நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2024 கணிப்பு தவறிய பிறகு, தப்புதான், இனி எத்தனை சீட் என்று எண்ணிக்கை சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதைப் பாராட்டினேன். ஒரு வருஷம்தான். 2025-ல் நிதிஷ் கட்சி 25 இடத்தைத் தாண்டாது, தாண்டினால் அரசியலை விடுகிறேன் என்றார். நிதிஷ் கட்சிக்கு 85 கிடைத்தது. அரசியலை விடவில்லை. காரணம் சொன்னார்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்காரன் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். எனக்கு அப்போது ஆறு வயசு. திரேஸ்புரத்தில் எங்கள் தாய்மாமா முத்துக்குளிக்கப் போனவர். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். குளிப்பதற்கு முன்னால் பாரில் இருந்து கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, முத்து எப்படி இருக்கிறது, என்ன விலை போகும் என்று மதிப்பிடுவார்கள். பிறகு குளிப்பு. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் மூச்சை அடக்கிச் சிப்பியை அள்ளிக் கூடையில் போட வேண்டும். மேலே படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அது மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தன் அக்கா தங்கச்சி தாலியறுக்க விடமாட்டானே, அதனால். கரைக்கு வந்த சிப்பியில் குளித்தவருக்கு ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. அது திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும்.

அந்த ஏலத்தைப் பார்க்கவே கூட்டம் கூடுமாம். வெளியூர் வியாபாரிகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, பொடி இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா, ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் விலை சொல்வார்கள். மாமா ஒரு வார்த்தை சொல்வார்: "அவன் தப்பாச் சொன்னா அவன் துட்டு போகும்டா. அதனால அவன் யோசிச்சுத்தான் சொல்வான்."

டிவியில் உட்கார்ந்து சிப்பிக்கு விலை சொல்கிறவருக்கு என்ன போகிறது? தப்பினால் அடுத்த வாரம் அதே நாற்காலி, அதே மைக். ஒரு தேர்தலுக்கு ஆலோசனை சொல்ல நூறு கோடிக்கு மேல் வாங்குவேன் என்று 2024-ல் பீகார் இடைத்தேர்தல் பிரசாரத்தில் அவரே மேடையில் சொன்னார். ஏலம் கேட்ட வியாபாரி கைக்காசைப் போட்டான். இவர்கள் ஏலம் கேட்பதற்கே காசு வாங்குகிறார்கள்.

இதெல்லாம் ஒரு தனிமனிதரின் கதை என்றால் நான் இவ்வளவு தட்டச்சு செய்து விரலை வலிக்க வைத்திருக்க மாட்டேன். என்னை உறுத்துவது வேறு.

2018 மே 22. இந்த ஊரில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டாம். ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நூறாவது நாளில் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஜனங்கள் மேல் துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து எவ்வளவோ தூரம் தள்ளி, எங்கள் திரேஸ்புரத்தில் ஒரு தாயும் அதில் ஒருவர். அன்றைய முதலமைச்சர், தாமும் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பிற்பாடு அந்தக் கூற்றை ஏற்கவில்லை.

மின்சாரமும் நெட்டும் வந்தும் போயும் இருந்த அந்த நாட்களில் ஒரு ராத்திரி நானும் டிவி பார்த்தேன். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நெறியாளர் கேட்ட முதல் கேள்வி, இது தென் மாவட்டங்களில் ஆளுங்கட்சிக்கு எத்தனை தொகுதிகளைப் பாதிக்கும் என்பது. ஒருவர் விரல்விட்டு எண்ணினார். இன்னொருவர் சமுதாய வாரியாகப் பிரித்துச் சொன்னார். மீனவர் ஓட்டு இப்படி, நாடார் ஓட்டு அப்படி என்று. பிணங்கள் இன்னும் அரசு ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் இருந்தன. யார் உத்தரவு கொடுத்தது என்று அரை மணி நேரம் ஆகியும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நால்வரில் பிரசாந்த் கிஷோர் கிடையாது. அவர் மேல் அந்தப் பழியைப் போட மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவருடைய தொழிலின் கேள்வி. வியூகம் வகுக்கிறவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி. "இதனால் ஓட்டு கூடுமா குறையுமா?" அது அவருக்கு வேலை. அதற்குத்தான் சம்பளம். அதே கேள்வியைத் தூக்கி நடுவீட்டில் வைத்து, நாட்டில் நடக்கிற எல்லாவற்றையும் இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். வியூகக்காரர்கள் டிவிக்கு வந்ததால் நேர்ந்த பெரிய நஷ்டம் இதுதான்.

2023 டிசம்பரிலும் பார்த்தேன். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம், எங்கள் ஊர் எல்லாம் தண்ணீருக்குள். மாடியில் உட்கார்ந்து ரொட்டிப் பாக்கெட்டுக்குக் காத்திருந்தோம். கரண்ட் வந்து டிவியைப் போட்டால், வெள்ளம் 2024 தேர்தலில் யாருக்குச் சாதகம் என்று விவாதம். குளங்கள் ஏன் உடைந்தன, எச்சரிக்கை எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்று கேட்க ஆள் இல்லை. அதையெல்லாம் கேட்டால் உழைக்க வேண்டும். எத்தனை சீட் என்று சொல்ல நாற்காலி போதும்.

இப்போது சிலர் கேட்பீர்கள். "சார், அரசியலில் வியூகம் எப்போதுதான் இல்லை? அண்ணா கூட்டணி போட்டது வியூகம் இல்லையா? புதுசாக ஒரு தொழில்நுட்பம் வந்திருக்கிறது. வாத்தியார்களுக்கு எதுவும் புதுசாக வந்தால் பிடிக்காது."

நியாயமான கேள்வி. அண்ணாவும் கணக்குப் போட்டார்தான். 1967-ல் ராஜாஜியையும் கம்யூனிஸ்டையும் ஒரே பக்கம் நிறுத்தினார். ஆனால் அந்தக் கணக்கு தப்பினால் அவர் கட்சி போயிருக்கும், அவர் பெயர் போயிருக்கும். அடுத்த தேர்தலுக்கு காங்கிரசிடம் போய் வியூகம் விற்றிருக்க முடியாது. எங்கள் வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. 1908-ல் கோரல் மில் தொழிலாளிகளை நிறுத்தி வேலைநிறுத்தம், அடுத்து சிறை. எந்த வியூக நிறுவனமும் அவருக்கு "செய்யுங்கள்" என்று அறிக்கை கொடுத்திருக்காது. ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளி ஜெயித்தான். அவர் போட்ட கணக்கின் விலையை அவரே கொடுத்தார், செக்கிழுத்துக் கொடுத்தார்.

நம் கட்சிகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். திரேஸ்புரத்தில் யார் வீட்டில் படகு பழுது, மட்டக்கடையில் எந்தச் சந்தில் சாக்கடை ஏறுகிறது, உப்பளத்துக்குப் போகிற பெண்ணுக்கு மழைக்காலத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்று உங்கள் வட்டச் செயலாளருக்குத் தெரியும். தப்பாகப் பேசினால் மறுநாள் காலை மார்க்கெட்டில் அவர் சட்டையைப் பிடித்து நாங்கள் கேட்போம். அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, டேப்லெட்டோடு வருகிற வெளியூர்ப் பையன் சொல்வதைக் கேட்கிறீர்கள். தி.மு.க. செய்தது, அ.தி.மு.க.வும் தனக்கு ஆள் வைத்தது. மாற்று அரசியல் என்று வந்த த.வெ.க.வும் விலகவில்லை. 2025 பிப்ரவரி 26-ல் மாமல்லபுரம் மேடையில் விஜய் பக்கத்தில் நின்று, இந்தக் கட்சி ஜெயித்தால் தோனியை விட நான் இங்கே பிரபலம் ஆகிவிடுவேன் என்று பிரசாந்த் கிஷோர் பேசினார். கூட்டம் கைதட்டியது. 2021-ல் இதே மாநிலத்தில் எந்தக் கட்சிக்கு வேலை செய்தார் என்பது கைதட்டிய ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கினால் போதும். தினமும் ராத்திரி வருவார்கள். பெயருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்', 'வியூக நிபுணர்' என்று எழுத்து ஓடும். சேனல்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த எழுத்தோடு இன்னும் மூன்று வரி போடுங்கள். இவர் இதுவரை எந்தெந்தக் கட்சிக்குக் காசு வாங்கி வேலை செய்திருக்கிறார். கடைசி மூன்று தேர்தலில் என்ன சொன்னார். என்ன நடந்தது. அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாங்கள் முன்னேற்ற அட்டை எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கினோம். நாட்டுக்கே பாடம் நடத்துகிறவர்களுக்கு அது வேண்டாமா?

பார்க்கிறவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். யாராவது "இது எத்தனை சீட்டைப் பாதிக்கும்" என்று ஆரம்பித்தால், "நடந்தது என்ன, யார் பொறுப்பு" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பைத்தியம் என்பார்கள். என் வீட்டில் சொல்லியாகிவிட்டது.

கடைசியாக, என் மாணவனுக்கு. அன்றைக்கு உன்னோடு சேர்ந்து சிரித்தேன், இப்போது திருத்திக்கொள்கிறேன். அந்த மனிதர் 2022 அக்டோபர் 2-ல் பீகாரில் நடக்க ஆரம்பித்தார். கிராமம் கிராமமாகப் போனார். பிள்ளைகள் படிப்பைப் பற்றியும், பிழைப்புக்கு வெளிமாநிலம் போகிறவர்களைப் பற்றியும் பேசினார். 2024-ல் கட்சி ஆரம்பித்தார். தோற்றார், பெரும்பாலான இடங்களில் டெபாசிட்டும் போனது. ஆனாலும் பத்து வருஷம் கரையில் உட்கார்ந்து விலை சொன்னவர், முதல் தடவையாக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கையில் ஒரு சிப்பி இல்லாமல் மேலே வந்தவரைப் பார்த்துக் கரையில் இருக்கிறவன் சிரிக்கக் கூடாது என்பார் எங்கள் மாமா. அவர் அப்படி எத்தனையோ நாள் வந்திருக்கிறார்.

அவர் மறுபடி இறங்கினால் நான் மரியாதையாகப் பார்ப்பேன். மறுபடி டிவி நாற்காலியில் போய் உட்கார்ந்தால், முன்னேற்ற அட்டையைக் கேட்பேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், ஆதாரத்தோடு எழுதுங்கள். என்னிடம் படித்தவர்கள் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.